ஐம்பத்துநாலு கிலோ

ஐம்பத்தைந்தரை. நர்ஸ் ஜெசிந்தா வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே தங்கபுஷ்பத்துக்குத் தெரியும், ஐம்பத்தைந்தரைக்கு மேல் ஒரு குந்துமணி கூட இருக்காதென்று. சனி, ஞாயிறு ரெண்டு நாள் இடைவெளி விட்டு வருகிற திங்கட்கிழமை காலையில் டயாலிசிஸ் வார்டு எடை மிஷினைப் பார்த்தாலே ஆளாளுக்கு முகம் தொங்கிப்போகும். மூணு கிலோ, நாலு கிலோ என்று தண்ணியை உடம்பில் சுமந்துகொண்டு வந்து நிற்பார்கள். செருப்பைக் கழற்றி, செல்போனை எடுத்து வைத்து, சட்டைப் பையில் கிடக்கிற பஸ் டிக்கெட்டைக்கூட எடுத்துப் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். மூச்சைப் பிடித்தால் எடை குறையுமாம்! தங்கபுஷ்பம் அப்படி இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டினபடியே வேண்டுமானாலும் ஏறுவாள், ஜெசிந்தாதான் வாங்கி வைப்பாள். ஐம்பத்துநாலு அவளுடைய நம்பர். உடம்பில் தேங்கின தண்ணியெல்லாம் வடிந்த பிறகு ஆள் நிற்க வேண்டிய எடை, டிரை வெயிட் என்று இங்கே சொல்வார்கள், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தது. அதற்கு மேல் எத்தனை ஏறியிருக்கிறதோ அத்தனையும் குடித்த தண்ணி. அத்தனையையும் நாலு மணி நேரத்தில் மிஷின் உறிஞ்ச வேண்டும். ஒன்றரை கிலோ. ரெண்டு நாளைக்கு ஒன்றரை. இந்த வார்டில் வேறு யாராவது செய்து காட்டட்டும், பார்க்கலாம். "அண்ணாச்சி, தங்கபுஷ்பம்மாவப் பாத்துப் படிங்க," என்றாள் ஜெசிந்தா, பக்கத்துக் கட்டில் பேச்சிமுத்துவிடம். லாரி ஓட்டின மனுஷன். நாலு கிலோ இருநூறு ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "படிக்கலாந்தான். நேத்து மருமவ கறிக்கொழம்பு வச்சிட்டா. உப்பு உறைப்பா ரெண்டு கரண்டி தின்னேன், பெறகு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன். உண்மையச் சொல்லிட்டேன், ஏசுததா இருந்தா ஏசிக்கோ தாயி," என்று சிரித்தார். வெட்கம் கெட்ட மனுஷன் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள். அதிலே ஒரு சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

கட்டிலில் சாய்ந்து இடது கையை நீட்டினாள். ஊசி ரெண்டும் இறங்கும்போது அவள் முகத்தைத் திருப்புகிறவள் இல்லை. ஊசி என்ன புதுசா, முப்பது வருஷமாக ஊசியோடுதானே பிழைப்பு. சமாதானபுரத்தில் அவள் தைக்கிற ரவிக்கைக்கு வள்ளியூரிலிருந்து ஆள் வரும். சிவப்புக் குழாய் வழியாக ரத்தம் போய், மிஷினுக்குள் சுற்றி, திரும்பி வர ஆரம்பித்தது. போ, போயிட்டு வா. இன்றைக்கு முக்கியமான நாள். ஒன்பதரைக்கு டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவாள், கையில் அந்தத் தாள் இருக்கும். தங்கச்சி கனகமணியின் கிட்னி இவளுக்குப் பொருந்துகிறது, ரத்தம் பொருந்துகிறது, எல்லாம் பொருந்தியாயிற்று. நோயாளியின் இருதயம் ஆபரேஷனைத் தாங்கும், மூச்சுத் திணறல் கிடையாது, நெஞ்சுவலி கிடையாது என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தாள் ஆபரேஷன் நடக்கிற மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், அடுத்த மாசம் தேதி கிடைத்துவிடும். கேட்பாள். மூச்சு வாங்குதா? இல்ல. அவ்வளவுதான். ஒரு வார்த்தை. வாரா வாரம் சொல்கிற வார்த்தை. கனகமணியின் புருஷன் சகாயராஜ் சம்மதம் சொல்ல ஆறு மாசம் ஆகியிருக்கிறது, அந்த ஆறு மாசமும் அவன் வீட்டு வாசலில் இவள் கால் வைக்கவில்லை, கேட்டுக் கெஞ்சவுமில்லை, தானாக வந்து கையெழுத்துப் போட்டான். போட்ட கை இன்னும் எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும்? அவன் அம்மா ஒரு பக்கம் ஓதுகிறாள், "ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கவ எதுக்கு வயித்தக் கீறணும்" என்று. தேதி தள்ளிப் போனால் அவன் மனசும் தள்ளிப் போகும். மனுஷ மனசு அப்படித்தான், குற்றம் சொல்ல முடியாது. அதனால், மூச்சு வாங்குதா? இல்ல. கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னால் மூச்சில்லாதவள் மாதிரி இருக்கும். 'இல்ல டாக்டரம்மா' என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

அது சளிதான். கார்த்திகை மாசக் குளிர், துணித் தூசி, முப்பது வருஷ நூல் பஞ்சு நெஞ்சுக்குள் போயிருக்குமே, சளி கட்டாமல் என்ன செய்யும். குனிந்தால்தான் வருகிறது. நின்றால் இல்லை, நடந்தால்கூட அவ்வளவு இல்லை. தையல் மிஷின் பெல்ட் கழன்று கீழே விழுந்துவிட்டால் குனிந்து மாட்ட வேண்டுமே, அப்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அமுக்குகிற மாதிரி மூச்சு முட்டுகிறது, வலி கிடையாது. நிமிர்ந்தால் போய்விடும். நிமிர்ந்தால் போகிறது இருதயக் கோளாறாக இருக்குமா, கேட்கிறேன். இருதயக் கோளாறென்றால் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டாமா. மூணாம் கட்டில் ஆரோக்கியம் விழவில்லையே. பஸ் டிப்போவில் செக்கராக இருந்தவர், விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டே பேசுவார், ஒரு வெள்ளிக்கிழமை போயிட்டு வாரேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார், திங்கட்கிழமை கட்டில் காலியாக இருந்தது. கிட்னியால் போகவில்லை, இருதயம் நின்று போனார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். கிட்னி போனவர்களுக்கு எமன் வருகிற வாசல் இருதயம்தான் என்று டாக்டரம்மா அன்றைக்கு எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள், வேறு வார்த்தையில் சொன்னாள், ஆனால் அதுதான் அர்த்தம். தேங்குகிற தண்ணியையும் சேர்த்து அடித்து அடித்து இருதயம் தடித்துப் போகும், பிறகு தொய்ந்து போகும், அதனால்தான் தண்ணியைக் குறையுங்கள் குறையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன் என்றாள். சரி, குறைத்தாயிற்றே! தங்கபுஷ்பத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர், அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளர், சாம்பாரில் இருக்கிற தண்ணியும் அதற்குள்தான். மே மாச வெயிலில், கத்தரி பிடித்தால் வழுக்குகிற வெயிலில், ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மத்தியானத்தை ஓட்டினவள் அவள். ஆரோக்கியம் வாரத்துக்கு வாரம் அஞ்சு கிலோ ஏற்றி வந்தார். அவரும் இவளும் ஒன்றா? கணக்கு இருக்கிறதே, ஐம்பத்துநாலு, ஐம்பத்துநாலு, ஐம்பத்துநாலு, ரெண்டு வருஷமாக நோட்டில் ஒரே நம்பர். நம்பர் சரியாக இருக்கிறவளுக்கு என்ன வரும். ஒரு தலையணை ரெண்டாகி, ரெண்டு மூணாகியிருக்கிறது, அதுவும் சளிதான். படுத்தால் சளி மேலே ஏறும், எல்லோருக்கும்தான் ஏறும். இருமினால் ஒன்றும் வருவதில்லை. அதுதான் கொஞ்சம் இடிக்கிறது. சளியென்றால் வர வேண்டுமில்லையா. போகட்டும், வறட்டுச் சளி. பேச்சிமுத்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நாலு கிலோவை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்து எப்படித்தான் தூங்குகிறாரோ. மல்லாந்து! அவளால் இப்போது இந்தக் கட்டிலில் தலைமாட்டை இறக்க முடியுமா? இறக்கிப் பார்ப்போமா? கை பிடியைத் தேடிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. வேண்டாம். என்னத்துக்கு. டாக்டரம்மா வருகிற நேரம்.

எட்டரைக்கு பிரஷர் பார்க்க ஜெசிந்தா வந்தாள். வலது கையில் பட்டியைச் சுற்றினாள், காற்றை அடித்தாள், பட்டி கையை விட்டு நழுவி முழங்கைக்கு வந்தது. மறுபடி இறுக்கிச் சுற்றினாள். "நூத்தி எழுபது. மாத்திரை போட்டீங்களாம்மா?" போட்டாள், ஆறு மணிக்கே போட்டாள். "தண்ணி ஏறலயே, பெறகு ஏன் பிரஷர் இப்படி இருக்கு? பட்டி நழுவுததால தப்பாக் காட்டுதோ என்னமோ. கை மெலிஞ்சு போச்சுல்லா, இருங்க, சின்னப் பட்டி கொண்டாரேன்." போய்விட்டாள். கை மெலிஞ்சு போச்சு. தங்கபுஷ்பம் தன் கையைப் பார்த்தாள். பார்க்கிறதென்ன, அவளுக்குக் கண்ணே டேப்தான். வாசலில் நுழைகிற பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று என்று சொல்லிவிட்டுப் பிறகு டேப் போட்டுச் சரி பார்க்கிறவள். பத்து. கைச் சுற்று பத்து இஞ்ச் இருந்தால் அதிகம். பதினொன்றரையாக இருந்தது. சித்திரையில் தன் ரவிக்கைக் கையைச் சிறிதாக்கி ஒரு முறை தையல் பிடித்தாள், ஆவணியில் இன்னொரு முறை. ரெண்டு முறையும் துணியைத் திட்டினாள், துணி துவைக்கத் துவைக்கத் தொளதொளவென்று போகிறது, இந்தக் காலத்துப் பருத்தி ஒன்றுக்கும் உதவாது என்று. முப்பது வருஷம் துணி பார்த்தவள்! பருத்தி துவைத்தால் சுருங்கும், எங்கேயாவது பெருகுமா? முதுகிலும் பிடித்தாள், தோளிலும் பிடித்தாள். இடுப்பில் மட்டும் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை, இடுப்பு அப்படியேதான் இருந்தது, முப்பத்திரெண்டு, பாவாடை நாடா பதிகிற தடம் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் ஆழமாகத்தான் விழுகிறது. கை போயிருக்கிறது, தோள் போயிருக்கிறது, தொடை போயிருக்கிறது, தசை அத்தனையும் கரைந்துபோயிருக்கிறது. இறைச்சி பிடிக்கவில்லை, முட்டையின் வெள்ளைக்கரு பிடிக்கவில்லை, தின்றால் அல்லவா ஒட்டும். ஆனால் எடை மட்டும் ஐம்பத்துநாலு. இங்கே கொஞ்சம் பொறு. ஆள் மெலிந்தால் எடை குறைய வேண்டும். குறையவில்லை. குறையவில்லையென்றால் போன இடத்தில் வேறென்னமோ வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் கண்ணளவுக்கு மூணு கிலோ தங்கபுஷ்பம் போயாச்சு. மூணு கிலோ தண்ணி வந்தாச்சு. ஏசப்பா! மிஷின் அவளை ஐம்பத்துநாலுக்குக் கொண்டுவந்து, முடிந்தது, போய் வா என்று அனுப்பும்போதெல்லாம் அந்த மூணு லிட்டரை உள்ளேயே விட்டுத்தான் அனுப்பியிருக்கிறது. பேச்சிமுத்து நாலு லிட்டரை ஏற்றி நாலு லிட்டரையும் இறக்கிவிட்டுப் போகிறார். இவள் நல்ல பேர் வாங்கிக்கொண்டு, இறங்காத மூணு லிட்டரை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள், இருதயம் அத்தனையையும் சேர்த்து அடித்திருக்கிறது. கல்யாணப் பெண்கள் வருவார்கள், பழைய ரவிக்கையைத் தூக்கிப் போட்டு "இந்த அளவே போதும்க்கா" என்பார்கள். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்கும்: "ஏட்டி, ஆறு மாசத்துக்கு முந்தின உடம்பும் இன்னைக்கு உடம்பும் ஒண்ணா? எந்திரிச்சு நில்லு, கையத் தூக்கு." பழைய அளவுக்குத் துணி வெட்டமாட்டாள், கொன்று போட்டாலும் வெட்டமாட்டாள். அவள்தான் ரெண்டு வருஷத்துப் பழைய அளவை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி மிஷினில் ஏறி நின்றிருக்கிறாள். கூறுகெட்டவள் என்றால் இவளைத்தான் சொல்ல வேண்டும். இவளே சொல்லிக்கொண்டாள்.

சரி, தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? இன்னும் ஒரு மாசம். ஒரு மாசம் பல்லைக் கடித்தால் புதுக் கிட்னி வந்துவிடும், வந்ததும் அதுவே தண்ணியை வடித்துவிடும், மூணு லிட்டர் என்ன, முப்பது லிட்டர் வடிக்கும். மூச்சு வாங்குதா? இல்ல. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஆறு டம்ளரை மூணாக்கிவிடலாம், யாருக்கும் தெரியாமல் தானே குறைத்துவிடலாம். அவளால் முடியாதது ஒன்று உண்டா. சாப்பாட்டில் உப்பை நிறுத்தினவள், நாக்கை அறுத்துப்போட்ட மாதிரி இருந்தவள். ஆனால் மேஜை மேல் மயக்கிப் போட்டுவிட்டு வயிற்றைத் திறந்த பிறகு இருதயம் நின்றுபோனால்? நிற்கட்டும், தங்கபுஷ்பம் போகட்டும், ஐம்பத்தோரு வயசு, மகன் தலையெடுத்தாயிற்று, அழுகிறவர்கள் அழுதுவிட்டுப் போவார்கள். அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நின்றது. அவள் மட்டும் போகமாட்டாளே. கனகமணியின் கிட்னியையும் கூடக் கொண்டு போவாள். பக்கத்து மேஜையில் அவள் வயிற்றைக் கீறி எடுத்ததை, ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளின் அம்மாவிடமிருந்து எடுத்ததை, இங்கே கொண்டுவந்து வைப்பார்கள், வைத்தது செத்தவளோடு மண்ணுக்குள் போகும். கனகமணி புண் ஆறி எழுந்து உட்கார்ந்து அக்கா எங்கே என்று கேட்பாள். ஐயோ. அதை நினைக்க நினைக்கத் தங்கபுஷ்பத்துக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரையே அளந்தவள் மேல்தான் வந்தது. ஒரு வார்த்தையில் தங்கச்சியைத் திருடப் பார்த்தாளே. இப்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, இது சளியில்லை. பயந்தான். ஆனால் பயத்துக்கு அடியில் அவளுடைய பழைய தைரியமும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. தப்பாக வெட்டின துணியென்றால் ஆளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, மறுபடி அளவு கொடு என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். சகாயராஜ் மனசு மாறினால் மாறட்டும். மாறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், ஒரு கை பார்க்காமலா போய்விடுவோம்.

டாக்டரம்மா ஒன்பதே முக்காலுக்கு வந்தாள், தாளோடு, பேனாவைத் திறந்துகொண்டே வந்தாள். "என்ன தங்கபுஷ்பம், வழக்கம்போல முதல் மார்க்கா? ஒன்றரை கிலோதானாமே. சரி, சீக்கிரம் முடிச்சிருவோம். நெஞ்சு வலி உண்டா?" இல்லை. அது உண்மையே. "மூச்சு வாங்குதா?" வாயில் 'இல்ல' வந்து நின்றது, எத்தனை வாரப் பழக்கம், எச்சில் மாதிரி தானாக ஊறி வந்தது. அதை விழுங்கினாள். "வாங்குது," என்றாள். சத்தமாகவே சொன்னாள், பேச்சிமுத்து குறட்டையை நிறுத்திக் கண் விழித்தார். "குனிஞ்சா வாங்குது. படுத்தா வாங்குது. மூணு தலையணை வச்சுப் படுக்கேன். ஒரு மாசமாச்சு." பேனா தாளின் மேலேயே நின்றது. "ஒரு மாசமா? வாரா வாரம் கேக்கறேனே, இல்ல இல்லன்னு சொன்னீங்களே!" "பொய் சொன்னேன். ஏசுங்க. ஆனா ஏசிட்டு என் கையப் பாருங்க. பதினொண்ணரை இருந்த கை பத்தாயிட்டு. கை இம்புட்டு வத்திப்போயும் எடை மாறல. அப்பம் உள்ள என்ன இருக்கு? ஐம்பத்துநாலு என் எடையே இல்ல டாக்டரம்மா. அது ரெண்டு வருஷத்துக்கு முந்தினவ எடை. புதுசா அளவு எடுங்க." டாக்டரம்மா பேனாவை மூடினாள். பட்டியைத் தானே சுற்றினாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள், முதுகில் குழலை வைத்துக் கேட்டாள், கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். கொஞ்சம் இறக்கினதுமே தங்கபுஷ்பம் பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நானும் உங்க நம்பரப் பாத்தேனே தவிர உங்களப் பாக்கல," என்றாள் டாக்டரம்மா, மெதுவாக. பிறகு படபடவென்று உத்தரவு போட்டாள். இன்றைக்கு அரை லிட்டர் கூடுதலாக எடு, நாளைக்கும் ஒரு தடவை வரச் சொல், மத்தியானமே எக்கோ எடுத்து இருதயத்தைப் பார், வாரத்துக்கு அரைக் கிலோவாகக் குறைத்து ஐம்பத்தொன்றுக்குக் கொண்டுவா. "தண்ணி இறங்கினா இருதயம் தேறுறதுக்கு நெறைய வழி இருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் இதுல கையெழுத்துப் போட முடியாதும்மா." தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "போடாதீங்க," என்றாள் தங்கபுஷ்பம். "தங்கச்சி எப்பவும்போல வெளிய பெஞ்சுல இருக்கா. கொஞ்சம் உள்ள விடுங்க. நானே சொல்லிருதேன்."

கனகமணி வந்தாள், வார்டுக்குள் போடுகிற பச்சை அங்கியை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். தங்கபுஷ்பம் சுற்றி வளைக்கவில்லை. "கையெழுத்துப் போடல. எனக்கு மூச்சு வாங்குது. நெஞ்சுல கோளாறு இருக்கும்போல. மூணு மாசம் ஆகும், கூடவும் ஆகலாம். ஓம் மாப்பிள்ளைகிட்ட நான் பேசுதேன், நீ ஒண்ணும் பேசாண்டாம்." கனகமணி அழுவாள் என்று பார்த்தாள். அழவில்லை. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "என்னட்டி தெரியும்?" "ஆஸ்பத்திரி கேட்டுல இருந்து வார்டுக்கு வாரதுக்குள்ள மூணு எடத்துல நின்னு சேலைக் கொசுவத்த எடுத்து எடுத்து விடுத. ஒரு மாசமாப் பாக்கேன். நீ கட்டுன கொசுவம் என்னைக்குக்கா கலைஞ்சிருக்கு?" தங்கபுஷ்பத்துக்குச் சுரீரென்றது. "பாத்துட்டா வாய மூடிட்டு இருந்த? டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா, கொள்ளயில போறவளே!" கனகமணி தலையைக் குனிந்துகொண்டாள். "தெனமும் சொல்லணும்னுதான் வருவேன். சொன்னா ஆபரேஷன் தள்ளிப் போகும்லா. கிட்னி குடுக்கப் பயந்துக்கிட்டு சாக்குச் சொல்லுதாள்னு நீ நெனச்சிருவியோன்னு வாய் வரல." தங்கபுஷ்பம் ஊசியில்லாத கையைத் தூக்கி, தங்கச்சியின் கன்னத்தை வளைத்துப் பிடித்தாள். கனகமணி இப்போதுதான் அழுதாள். "சரி, சரி, மூக்கச் சிந்து. எனக்குள்ளது ஓங்கிட்டதான் இருக்கு, எங்கயும் ஓடிறாது. மூணு மாசம் பத்திரமா வச்சிரு. காலையில இருந்து அந்த பெஞ்சுல தொண்டை காஞ்சு கெடந்திருப்ப. ஏட்டி, போயி தண்ணி குடி."